நூற்றுக்கு அறுபத்து நாலு

மேஜர் லீவில் வந்து மூன்று நாளாகிறது. வந்த அன்றே பெட்டியைத் திறந்து அவன் சாப்பாட்டு மேஜைமேல் வைத்த காக்கி உறை இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது. அவன் மனைவி லென்ஸ், மேஜையைத் துடைக்கும்போதுகூட அதைத் தொடாமல் சுற்றிச் சுற்றித் துடைத்தாள் என்பது போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. அவன் நிஜமான மேஜர் கிடையாது. ராணுவத்தில் லாரி ஓட்டுகிறான். ஐந்து வயதில் அட்டைப்பெட்டித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வீட்டையே அதிகாரம் பண்ணியதற்காக அக்கா வைத்த பட்டம் அது. ராணுவம் இதுவரை அதை ஒப்புக்கொள்ளவில்லை.

பதிலுக்கு அவனும் யாரையும் சும்மா விடவில்லை. கருத்துக்கணிப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அவன் வைத்த பெயர் சதவீதம். மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிற மனைவிக்கு லென்ஸ். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் இருப்பது இந்த மூன்று பேர்தான். அக்கா கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டுக் கேட்டு எல்லோரும் ஓய்ந்துபோனார்கள்.

உறைக்குள் இருந்தது ஒரே ஒரு தாள். கடல் கடந்த ஒரு தேசத்தில் இரண்டு கூட்டங்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொள்கின்றன. நடுவில் நிற்க அமைதிப் படை வேண்டும். நம் ஆட்களை அனுப்பலாமா கூடாதா என்று நாடே ஆறு மாதமாகப் பேசிப் பேசி, கடைசியில் அனுப்புவது என்று முடிவாகிவிட்டது. போக விருப்பம் உள்ளவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். மேஜர் போட்டுவிட்டான். அதற்குக் கீழே மனைவியின் சம்மதத்துக்கு ஒரு கோடு. அது காலியாக இருந்தது. நாளைக் காலை ஒன்பது மணிக்குள் அவன் அந்தத் தாளோடு முகாமில் நிற்க வேண்டும்.

இன்று காலை மேஜர் சைக்கிளுக்குக் காற்றடிக்க வெளியே போன நேரம் பார்த்து லென்ஸ் வாசலுக்கு வந்தாள். அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும் அண்ணி. அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்று ஆரம்பித்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் கடையில் இருக்கும்போது லென்ஸுக்கு ஒரு போன் வந்ததாம். கருத்துக்கணிப்பு, இரண்டு நிமிஷம் போதும் என்று ஒரு பெண். வெளிநாட்டுக்கு அமைதிப் படை அனுப்பலாமா, வேண்டாமா? உங்கள் வீட்டில் ராணுவத்தில் யாராவது இருக்கிறார்களா என்று அந்தப் பெண் கேட்கவில்லை. இவளும் சொல்லவில்லை. வேண்டாம் என்றுதான் நாக்கின் நுனி வரை வந்தது. புருஷன் ராணுவத்தில் இருப்பதால் அப்படிச் சொல்கிறோமோ, அது சுயநலம் இல்லையா என்று யோசித்து, 'தெரியவில்லை' என்று சொல்லிவிட்டாள். மறுபடி கேட்டபோதும் அதையே சொன்னாள்.

"அப்புறம் அந்தப் பொண்ணு ஒண்ணு படிச்சா அண்ணி. 'அங்கே போகிற வீரர்கள் சண்டை போடப் போவதில்லை, சண்டையை நிறுத்தத்தான் போகிறார்கள்'னு. அதுக்கு மேல எப்படி வேண்டாம்னு சொல்றது? அனுப்பலாம்னு சொல்லிட்டேன்."

அக்கா செருப்பின் வாரைப் பிடித்தபடி குனிந்த தலையை நிமிர்த்தாமல் இருந்தாள்.

"யாருன்னே தெரியாத ஒருத்திகிட்ட அனுப்புங்கன்னு சொல்லிட்டு, இப்ப இவருகிட்ட போகாதீங்கன்னு எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது? அதான், சாயங்காலம் கையெழுத்துப் போட்டுடலாம்னு இருக்கேன்."

அந்த இடத்தில் அக்கா சொல்லியிருக்க வேண்டியது ஒன்றுதான். சொல்லவில்லை. ரெண்டாயிரம் பேரில் நீ ஒருத்தி, ஒருத்தர் பதிலால் எதுவும் மாறிவிடாது, மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்று பூசி மெழுகினாள். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று லென்ஸ் முகம் தெளிந்து உள்ளே போனாள். அந்த நம்பிக்கைதான் பஸ் ஏறும்வரை அக்காவைப் பிடுங்கித் தின்றது.

ஏன் என்றால், அந்த வரியை எழுதியவளே அவள்தான்.

அமைதிப் படை பற்றிய முதல் கணிப்பு தொடங்கிய அன்று காலை பதினோரு மணிக்குள்ளேயே தெரிந்துவிட்டது, இது உருப்படாது என்று. நூறு பேரைக் கேட்டால் முப்பத்தொரு பேர் தெரியாது என்றார்கள். தெரியாது என்பதும் ஒரு பதில்தான் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். ஆனால் எந்த வாடிக்கையாளரும் அதைக் கேட்கக் கணிப்பு எடுக்கச் சொல்வதில்லை. மேலாளர் நடையாய் நடந்தார். அன்றைக்கு அக்கா சாதாரண அழைப்பாளர். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு துண்டுத்தாளில் அந்த வரியை எழுதி, தயங்குகிறவர்களுக்கு மட்டும் படித்துப் பார்த்தாள். கதவு திறந்த மாதிரி பதில் வந்தது. பக்கத்து இருக்கைக்காரி அதைக் காப்பி எடுத்தாள். மூன்று மணிக்கு நாற்பது இருக்கைகளிலும் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. கூடத்தில் அதற்கு ஊன்றுகோல் என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

தெரியாது என்பது ஒன்பதாக இறங்கியது. அனுப்பலாம் என்பது அறுபத்து நாலில் போய் நின்றது. அமைச்சர் தொலைக்காட்சியில் மூன்று தடவை அறுபத்து நாலு என்று சொன்னார். அக்காவுக்கு மேற்பார்வையாளர் பதவியும் சக்கரம் வைத்த நாற்காலியும் கிடைத்தன. அந்த நாற்காலியில் முதல் நாள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்ததை வீட்டில் வந்து சொல்லி லென்ஸோடு சேர்ந்து சிரித்தாள்.

அப்போது மேஜரின் படைப்பிரிவு போகும் என்று யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாளா? பஸ்ஸில் உட்கார்ந்து அக்கா இதைத் தன்னிடமே கேட்டுக்கொண்டாள். எழுதியிருக்க மாட்டாள் என்றுதான் பதில் வந்தது. அடுத்த வீட்டுத் தம்பி என்றால் பரவாயில்லையா என்ற அடுத்த கேள்வியும் கூடவே வந்தது. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இன்று இரண்டாவது கணிப்பு. மக்கள் இன்னும் அதே எண்ணத்தில்தான் இருக்கிறார்களா என்று பார்க்கிறார்களாம். அவள் போவதற்குள் நாற்பது பேரும் காதில் மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா நேராகத் தன் இடத்துக்குப் போய், பதிவான அழைப்புகளில் லென்ஸின் எண்ணைத் தட்டினாள். மேற்பார்வையாளர் தெரிந்தவர்களின் அழைப்பைத் தேடிக் கேட்கக்கூடாது என்பது விதி. இத்தனை செய்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகப் படவில்லை.

லென்ஸ் சொன்னது அத்தனையும் இருந்தது. இரண்டு தடவை தெரியலைங்க. அப்புறம் ஏழாம் இருக்கைப் பெண்ணின் குரலில் ஊன்றுகோல். அதற்குப் பிறகு ஒன்பது விநாடி யாரும் பேசவில்லை. கடைக்குள் யாரோ ஒருவர், இதில் எழுத்து ரெண்டு ரெண்டாகத் தெரிகிறது என்று சொல்வது தூரத்தில் கேட்டது.

"சண்டை போட வேண்டியதில்லைன்னா... அனுப்பலாம்."

லென்ஸ் காலையில் சொல்லாமல் விட்டது அதற்கு அடுத்தது.

"அடிபடாம திரும்பி வந்துடுவாங்கல்ல?"

உங்கள் நேரத்துக்கு நன்றி என்று சொல்லி அந்தப் பெண் வைத்துவிட்டாள். அவள்மேல் தப்பில்லை. எதிர்முனையில் இருப்பவர் கேட்கும் கேள்விக்கு நாம் பதில் சொல்லக்கூடாது, நன்றி சொல்லி வைத்துவிட வேண்டும் என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

போன மாதம் அந்தத் தேசத்தில் வேறொரு நாட்டு அமைதிப் படையின் லாரி கண்ணிவெடியில் மாட்டிய செய்தி வந்தது. ஓட்டியவன் பெயர்கூட வரவில்லை. அன்று அந்தச் செய்தியைக் கடந்து அடுத்த பக்கத்துக்குப் போனதை அக்கா இப்போது நினைத்துக்கொண்டாள்.

எழுந்து மேலாளர் அறைக்குப் போனாள். அந்த வரியை இன்றே எடுத்துவிட வேண்டும், அது கேள்வி இல்லை, பதிலை வாயில் ஊட்டுவது என்று சொன்னாள். தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை.

மேலாளர் கெட்டவர் இல்லை. கோபப்படவும் இல்லை. உட்காரச் சொல்லி நிதானமாக விளக்கினார். இரண்டு கணிப்பையும் ஒப்பிட வேண்டுமென்றால் இரண்டிலும் ஒரே மாதிரி கேட்டிருக்க வேண்டும். இந்த முறை எடுத்துவிட்டால் எண் இறங்கும். ஏன் இறங்கியது என்று கேட்பார்கள். போன முறை தப்பாகக் கேட்டோம் என்று நாமே சொல்ல வேண்டிவரும்.

"அந்த வரியை எழுதினது யாருன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

மிரட்டலாகக்கூட அவர் அதைக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்கா எழுந்து வந்தாள்.

கூடத்துக்குத் திரும்பியபோது ஒரே நேரத்தில் நாலைந்து இருக்கைகளிலிருந்து ஊன்றுகோல் கேட்டது. நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் நிறுத்திவிடுவார்கள். அவள் பேச்சைத் தட்டுகிறவர்கள் அந்தக் கூடத்தில் யாரும் இல்லை. அவள் சொல்லவில்லை. தண்ணீர் குடித்தாள். மறுபடி போய்த் தண்ணீர் குடித்தாள். நாலு மணிக்கு ஒரு தாள் வந்தது. கேள்விகள் அனைத்தும் அச்சிட்டபடியே படிக்கப்பட்டன என்று மேற்பார்வையாளர் சான்று தர வேண்டும். போட்டுவிட்டாள்.

திட்ட நினைப்பவர்கள் அக்காவைத் திட்டலாம். எழுதும்போது நானும் திட்டினேன். ஆனால் மனசாட்சி உறுத்துகிற இடத்தில் வாயைத் திறக்காமல் தண்ணீர் குடித்துவிட்டு வந்த நாள் எனக்கும் உண்டு. அதனால் ரொம்பத் திட்ட முடியவில்லை.

வீட்டில் சரிபண்ணிவிடலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டுதான் அவள் வந்தாள். அலுவலகத்தில் போனது போகட்டும், லென்ஸ் கையெழுத்துப் போடுவதற்குள் உண்மையைச் சொல்லிவிட்டால் போதும். தம்பி நின்றுவிடுவான்.

மணி ஆறரை. மேஜர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். வழக்கம்போல அவன்தான் பேசினான். நாட்டில் நூற்றுக்கு அறுபத்து நாலு பேர் போய் வா என்கிறார்கள், இந்த வீட்டில் மட்டும் ரெண்டு பொம்பளைங்களும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் எப்படி, இது என்ன சதவீதம் என்று அக்காவைச் சீண்டினான். அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

லென்ஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். உறையிலிருந்து தாளை எடுத்தாள். பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

அக்கா தாளின்மேல் கையை வைத்தாள்.

"போடாதே. அந்த வரி என்னுது. உன்கிட்ட போன்ல படிச்சாங்களே, அதை எழுதினது நான்."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிற்கவில்லை. முப்பத்தொன்று ஒன்பதானது, துண்டுத்தாள், நாற்காலி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். மேஜருக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. லென்ஸுக்குப் போன் வந்ததே அவனுக்குப் புதுச் செய்தி. அது தெரிந்ததும் மனைவியை ஒரு பார்வை பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்புறம் சிரித்தான். அப்படின்னா அறுபத்து நாலே கிடையாதா என்று கேட்டான். எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது என்றாள் அக்கா. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பாலிஷ் துணியை மடித்தான், மறுபடி பிரித்தான்.

"மைதானத்துல நிக்க வெச்சு, விருப்பம் இருக்கறவங்க முன்னாடி வாங்கன்னாங்க. ஒருத்தனும் நகரலை. நானும்தான். அப்புறம் அதிகாரி அந்த நம்பரைப் படிச்சாரு. நூத்துக்கு அறுபத்து நாலு பேர் உங்களை நம்பி அனுப்பறாங்கன்னு. பின்னாடியே நிக்க வெக்கமா இருந்துச்சு அக்கா. அதான் வந்தேன். வேற காரணமே இல்லை."

இதுவரை அவன் சொல்லிக்கொண்டிருந்தது வேறு. அங்கே குழந்தைகள் பள்ளிக்கூடம் போக முடியவில்லையாம், நாலு பேருக்கு நல்லது நடக்குமாம் என்று லென்ஸிடம் மூன்று நாளாக அளந்துகொண்டிருந்தான். இப்போது பூட்ஸைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தான். வெட்கத்துக்குப் பயந்து ஒருவன், சுயநலம் என்பார்களோ என்று ஒருத்தி. இருவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது அக்கா எழுதிய ஒற்றை வரி. அந்த மூன்று பேரில் யாருக்கும் அடுத்தவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லை.

முதலில் பேசியது லென்ஸ். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"எங்க கடையில முதல் நாளே சொல்லிக்கொடுத்துடுவாங்க அண்ணி. இதுவா அதுவான்னு மட்டும்தான் கேக்கணும். இது நல்லாத் தெரியுதுல்லன்னு கேக்கவே கூடாது. அப்படிக் கேட்டா பாவம், எல்லாரும் ஆமாம்னுதான் சொல்வாங்க. அந்தக் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் போய் மாடிப்படியில விழுவாங்க."

அக்கா தலையை ஆட்டினாள்.

"காலையில நான் சொன்னப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒருத்தர் பதிலால ஒண்ணும் மாறாதுன்னு சொன்னீங்க."

மேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். லென்ஸ் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"இன்னைக்கும் கணிப்பு நடக்குதுன்னு நேத்து சொன்னீங்களே. இன்னைக்கும் அந்த வரியைப் படிச்சாங்களா?"

இந்தக் கேள்வி வரும் என்று அக்கா எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அதற்கும் தெம்பில்லாமல் போய்விட்டது.

"படிச்சாங்க" என்றாள். அப்புறம், கேட்காமலே, "சரியாப் படிச்சாங்கன்னு கையெழுத்தும் போட்டுட்டேன்" என்றாள்.

இன்று மொத்தம் எத்தனை பேரைக் கேட்டார்கள் என்று கேட்டது மேஜர். எண் என்றால் அக்காவுக்கு மறக்காது. மாலை அவள் கிளம்பும்போது எழுநூற்றுப் பன்னிரண்டு பேர் முடிந்திருந்தது. அதைச் சொன்னாள். குழந்தையாக இருந்தபோது அவனை அடித்துவிட்டு அவள் திரும்பிப் பார்த்தால் எப்படி ஒரு பார்வை பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். அதைவிடக் கத்தியிருக்கலாம் என்று அக்கா நினைத்தாள்.

லென்ஸ் தாளின்மேல் இருந்த அக்காவின் கையை மெதுவாக எடுத்து மேஜையில் வைத்தாள். தாளைத் திருப்பி, காலியாக இருந்த கோடு அக்காவுக்கு நேராக வரும்படி நகர்த்தினாள். பேனாவை அதன்மேல் வைத்தாள்.

"என் பதிலை நீங்கதானே எழுதுனீங்க அண்ணி" என்றாள். "கையெழுத்தையும் நீங்களே போட்டுடுங்க."

சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள். மேஜர் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். அக்கா கைப்பையைத் தோளில் மாட்டியபடி, அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.